அநியாயமான மதிப்புரைக்கு எப்படிப் பதில் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

இணையச் சந்தைகளில் சிறிய அளவில் பொருள் விற்கும் வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பிரச்சினையைப் பற்றியே இருந்ததால், இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். நியாயமற்ற ஒரு மதிப்புரை பெரிய நிறுவனத்துக்கு ஆயிரத்தில் ஒன்று. தானே தைத்து, தானே படமெடுத்து, தானே பொட்டலம் கட்டி அனுப்புகிறவருக்கோ அது அவருடைய பெயரின்மேல் விழும் அடி. அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டுள்ளன. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: கையால் தைத்த துணிப்பைகளை ஓர் இணையச் சந்தையில் விற்றுவருகிறேன். ஒன்பது பேர் ஐந்து நட்சத்திரம் தந்திருந்தார்கள். பத்தாவதாக வாங்கியவர் ஒரே ஒரு நட்சத்திரம் போட்டு, 'படத்தில் இருந்த நிறம் இல்லை, தாமதமாக வந்தது, ஏமாற்று வேலை' என்று எழுதிவிட்டார். நான் சொன்ன நாளுக்கு முன்பே பார்சலை ஒப்படைத்துவிட்டேன்; தாமதம் கூரியரால் நேர்ந்தது. அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. என் சராசரி ஐந்திலிருந்து 4.6-க்கு இறங்கிவிட்டது. அந்த மதிப்புரையை நீக்க வழி உண்டா? அதைப் படித்ததிலிருந்து புதிய பொருள் எதையும் பட்டியலில் சேர்க்கவே மனம் வரவில்லை.

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. சொன்ன சொல் தவறாமல் அனுப்பிய ஒருவரை 'ஏமாற்று வேலை' என்று பலர் படிக்கும் இடத்தில் எழுதுவது சிறிய விஷயம் அல்ல. ஆனால் அந்த வருத்தத்தை அப்படியே தளத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதி அனுப்பும் இடத்தில்தான் பல விற்பனையாளர்கள் கோட்டை விடுகிறார்கள். இரு தரப்பையும் விசாரித்து எது உண்மை என்று தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைத் தளங்கள் ஏற்பதில்லை. ஒரு மதிப்புரை விதியை மீறியிருந்தால் நீக்குவார்கள். பொய்யாக இருக்கிறது என்று நீங்கள் சொல்வதற்காக நீக்கமாட்டார்கள். வசைச் சொல், தனிநபரின் தொலைபேசி எண் அல்லது முகவரி, வேறு கடைக்கான விளம்பரம், மிரட்டல், பரிவர்த்தனைக்குத் தொடர்பே இல்லாத பேச்சு ஆகியவை ஏறக்குறைய எல்லாத் தளங்களிலும் விதிமீறல்கள். 'நான் நல்லவள், அவர் சொல்வது தவறு' என்று பத்துப் பத்தி எழுதினாலும் அதைப் படிக்கும் ஊழியர் எந்த விதியின் கீழ் நடவடிக்கை எடுப்பது என்று தெரியாமல் மறுத்துவிடுவார்.

ஆகவே அந்த மதிப்புரையை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். தாமதம் என்பது ஒன்று. நிறம் என்பது இன்னொன்று. 'ஏமாற்று வேலை' என்பது மூன்றாவது. மூன்றாவதை விட்டுவிடுங்கள். அது கருத்து என்ற கணக்கில் சேர்ந்துவிடும், அதை வைத்துப் போராடுவது வீண். தாமதம்தான் உங்கள் கைக்கு எட்டும் பகுதி. நேரத்தில் அனுப்பியதை டிராக்கிங் காட்டினால், தாமதம் பற்றிய எதிர்மறைப் பின்னூட்டத்திலிருந்து விற்பனையாளரைக் காக்கும் விதி இபே தளத்தில் இருக்கிறது. அமேசானில், அந்நிறுவனத்தின் கிடங்கிலிருந்தே அனுப்பப்பட்ட ஆர்டராக இருந்து, பின்னூட்டமும் விநியோகத்தைப் பற்றியதாக இருந்தால், அதன்மேல் கோடு போட்டுப் பொறுப்பைத் தாங்களே ஏற்பதாகக் குறிப்பு எழுதுவார்கள். விற்பனையாளருக்கான பின்னூட்டப் பெட்டியில் முழுக்க முழுக்கப் பொருளைப் பற்றி மட்டும் எழுதியிருந்தால் அதையும் நீக்குவார்கள். நீங்கள் விற்கும் தளத்தின் உதவிப் பக்கத்தில் இதற்கு இணையான பிரிவு இருக்கிறதா என்று தேடி, அந்தப் பிரிவின் சொற்களையே பயன்படுத்தி எழுதுங்கள். கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மாதிரி:

'ஆர்டர் எண் மேலே உள்ளது. பார்சலை அனுப்ப ஒப்புக்கொண்ட கடைசி நாள் 12-ஆம் தேதி. கூரியர் நிறுவனம் அதைப் பெற்றுக்கொண்டதற்கான முதல் ஸ்கேன் 11-ஆம் தேதி பதிவாகியுள்ளது. மதிப்புரையில் தாமதம் பற்றிய பகுதி, தங்கள் விற்பனையாளர் பாதுகாப்பு விதிக்குள் வருவதால் மறுபரிசீலனை செய்யக் கேட்டுக்கொள்கிறேன். டிராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்துள்ளேன்.'

இதில் வாங்கியவரைப் பற்றி ஒரு குறைச்சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். தேதி, ஸ்கேன், விதி, சான்று ஆகியவை மட்டுமே இருக்கின்றன. மறுத்துவிட்டால் ஒரு முறை மேல்முறையீடு செய்யலாம்; அதற்குமேல் அதே கோரிக்கையைத் திரும்பத் திரும்ப அனுப்புவதால் பலன் இல்லை.

அடுத்தது நிறம். உங்கள் பட்டியலில் உள்ள படத்தை வேறொருவருடைய போனில், வெளிச்சம் மாறும் இரண்டு மூன்று இடங்களில் திறந்து பாருங்கள். மஞ்சள் விளக்கின் கீழ் எடுத்த படத்தில் மெரூன் நிறம் சிவப்பாகத் தெரிவதும், கருநீலம் கறுப்பாகத் தெரிவதும் வழக்கம். அப்படி இருந்தால் அந்தப் பகுதியில் அவர் சொன்னது உண்மை. தண்டனைதான் குற்றத்தைவிடப் பெரியது.

இதன்பிறகு அவருக்குத் தனியாக எழுதுங்கள். இங்கே வரிசை மிக முக்கியம், ஏனெனில் பொதுப் பதிலை அவசரப்பட்டு முதலில் போட்டுவிட்டால் சில இடங்களில் கதவு அடைபட்டுவிடும். எட்ஸி தளத்தில், மதிப்புரைக்கு விற்பனையாளர் பொதுவில் பதில் எழுதியபின் வாங்கியவர் அந்த மதிப்புரையைத் திருத்த முடியாது. கோபத்தில் நீங்கள் போடும் பதிலே அந்த ஒற்றை நட்சத்திரத்தை நிரந்தரமாக்கிவிடக்கூடும். இபேயில் திருத்தக் கோரிக்கை அனுப்பத் தனி வசதி உண்டு. பின்னூட்டம் வந்த 30 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும், வாங்கியவர் 10 நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும், ஓராண்டில் பெறும் ஒவ்வோர் ஆயிரம் பின்னூட்டங்களுக்கும் ஐந்து கோரிக்கைகள்தான் அனுமதி. எனவே பிரச்சினையைத் தீர்த்தபின், அதுவும் அவர் சமாதானமடைந்தார் என்று தெரிந்தபின் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். அமேசானின் தகவல்தொடர்பு விதிகளோ, எழுதப்பட்டுவிட்ட பொருள் மதிப்புரையை மாற்றும்படியோ நீக்கும்படியோ வாங்கியவரிடம் கேட்பதையே தடுக்கின்றன. ஒரு தளத்தில் சரியான செயல் இன்னொரு தளத்தில் உங்கள் கணக்கையே முடக்கக்கூடும்.

தனிச் செய்தியில் நட்சத்திரம் என்ற சொல்லே வர வேண்டாம். இப்படி எழுதலாம்: 'வணக்கம். பையின் நிறம் படத்தில் கண்டதிலிருந்து வேறுபட்டிருப்பதாக எழுதியிருந்தீர்கள், படித்து வருந்தினேன். பகல் வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றை அனுப்ப முடியுமா? தவறான பை வந்திருந்தால் மாற்றி அனுப்புகிறேன். பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பி முழுத் தொகையையும் பெற்றுக்கொள்ளலாம். எது வசதி என்று தெரிவியுங்கள்.' பணம் திருப்பித் தருவதற்கும் மதிப்புரையை மாற்றுவதற்கும் முடிச்சுப் போட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள். அது பெரும்பாலான தளங்களில் மதிப்பெண் மோசடி என்றே கொள்ளப்படும். அந்தச் செய்தியை அவர் படமெடுத்து அனுப்பினால் உங்கள் பக்கத்து நியாயம் அத்தனையும் அங்கேயே போய்விடும்.

பதில் வரவில்லை, தளமும் நீக்கவில்லை என்றால் மட்டும் பொதுப் பதிலுக்கு வாருங்கள். அதை நீங்கள் எழுதுவது அந்த வாங்கியவருக்காக அல்ல. அவர் மனம் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. அடுத்ததாக உங்கள் பையை வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டு, பட்டியலில் குறைந்த மதிப்பெண்ணை மட்டும் தேடிப் படிக்கிறாரே, அந்த முன்பின் தெரியாத மனிதர்தான் உங்கள் வாசகர். 'முழுப் பொய். சரியான நேரத்தில் அனுப்பினேன். மற்ற ஒன்பது பேருக்கும் பிடித்திருக்கிறது, உங்களைப் போன்ற வாடிக்கையாளர் எனக்குத் தேவையில்லை' என்று எழுதினால், அவர் உண்மையை ஆராயப் போவதில்லை. 'நாளை எனக்கு ஒரு குறை வந்தால் எனக்கும் இதே பதில்தான்' என்று எண்ணிப் பக்கத்தை மூடிவிடுவார். அதற்குப் பதிலாக:

'பை தாமதமாகக் கிடைத்ததற்கு வருந்துகிறோம். ஒப்புக்கொண்ட நாளுக்கு முன்பே கூரியரிடம் ஒப்படைத்தோம், வழியில் தாமதமாகிவிட்டது. நிறம் தெளிவாகத் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் எடுத்த புதிய படங்களைச் சேர்த்திருக்கிறோம். பை பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பி முழுத் தொகையைப் பெறும் வாய்ப்பு இப்போதும் உண்டு.'

நான்கே வாக்கியங்கள். 'ஏமாற்று வேலை' என்ற சொல்லுக்கு இதில் பதிலே இல்லை. இப்படிப் பேசுகிறவர் ஏமாற்றுக்காரராக இருக்க மாட்டார் என்பதைப் படிப்பவரே முடிவு செய்துகொள்வார். கடைசி வாக்கியம் அடுத்த வாடிக்கையாளருக்கு உங்கள் ரிட்டர்ன் விதியையும் சொல்லிவிடுகிறது. தாவிடே ப்ரோசெர்பியோ, ஜார்ஜோஸ் ஜெர்வாஸ் ஆகிய இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மதிப்புரைகளுக்குப் பதில் எழுதத் தொடங்கிய ஹோட்டல்களின் மதிப்பெண் சராசரியாக 0.12 நட்சத்திரம் கூடியதையும், மதிப்புரைகளின் எண்ணிக்கை 12 சதவீதம் கூடியதையும் கண்டார்கள். உரிமையாளர் படிக்கிறார், பதிலும் சொல்கிறார் என்று தெரிந்தால், அற்பமான குறையை ஒற்றை வரியில் எறிந்துவிட்டுப் போகிறவர்கள் தயங்குகிறார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். ஹோட்டலும் துணிப்பையும் வேறுதான், மனிதர்கள் அவர்களேதான்.

இனி, கணக்கு. ஐந்து நட்சத்திரத்துக்குப் பதில் ஒன்று விழுந்ததால் நீங்கள் இழந்தவை நான்கு நட்சத்திரங்கள். அந்த நான்கையும் பத்துப் பேரில் பகிர்ந்தால் 0.4 குறைகிறது, அதனால்தான் 4.6. இருபது பேரில் பகிர்ந்தால் 4.8, நாற்பது பேரில் பகிர்ந்தால் 4.9. அதாவது இன்னும் பத்து நிறைவான ஆர்டர்கள் உங்களை 4.8-க்கும், முப்பது ஆர்டர்கள் 4.9-க்கும் கொண்டுபோய்விடும். இபே காட்டும் சதவீதமும் எட்ஸி காட்டும் சராசரியும் கடந்த 12 மாதங்களுக்கானவை என்பதால், அந்தத் தளங்களில் காலமும் உங்கள் பக்கம் நிற்கிறது. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆய்வு மையம், வாங்கும் வாய்ப்பு உச்சத்தைத் தொடுவது 4.0-க்கும் 4.7-க்கும் இடையில்தான் என்றும், ஐந்தை நெருங்கும்போது அது குறைகிறது என்றும் கண்டிருக்கிறது. ஒரு குறைகூட இல்லாத பட்டியலை மக்கள் அவ்வளவாக நம்புவதில்லை.

கடிதத்தின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. இபே விற்பனையாளர்களை ஆராய்ந்து லூயிஸ் கப்ரால், அலி ஹோர்தாச்சு ஆகியோர் 2010-இல் வெளியிட்ட கட்டுரை, முதல் எதிர்மறைப் பின்னூட்டத்துக்குப்பின் வாராந்திர விற்பனை வளர்ச்சி 5 சதவீத ஏற்றத்திலிருந்து 8 சதவீத இறக்கமாக மாறுவதைக் காட்டியது. அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: முதல் அடிக்குப்பின் வரும் எதிர்மறைப் பின்னூட்டங்கள் 25 சதவீதம் விரைவாக வருகின்றன, ஆனால் அவற்றின் பாதிப்பு முதலாவதைப் போல இருப்பதில்லை. மறுபுறம், பால் ரெஸ்னிக், ரிச்சர்ட் செக்ஹவுசர் குழுவினர் பழைய அஞ்சலட்டைகளை இபேயில் விற்று நடத்திய சோதனையில் (2006), புதிய விற்பனையாளர் கணக்கில் ஒன்றிரண்டு எதிர்மறைப் பின்னூட்டங்கள் இருந்ததால் வாங்குபவர்கள் தரத் தயாராக இருந்த விலை குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: முதல் அடிக்குப்பின் நேரும் சரிவு முழுவதும் வாங்குபவர் விலகிப்போவதால் வருவதன்று, மனம் ஒடிந்த விற்பனையாளரின் கை தளர்வதாலும் வருகிறது. செய்திக்குப் பதில் எழுதத் தாமதமாகிறது, பொட்டலம் கட்டுவதில் கவனம் குறைகிறது, புதிய பொருள் சேர்வது நிற்கிறது. அடுத்த பையை இந்த வாரமே பட்டியலில் சேருங்கள்.

கேள்வி: பழைய கேமரா லென்ஸ்களைச் சுத்தம் செய்து விற்கிறேன். ஒரு வாடிக்கையாளர், 'பாதித் தொகையைத் திருப்பித் தந்தால் ஐந்து நட்சத்திரம், இல்லாவிட்டால் ஒன்று' என்று எழுதியிருக்கிறார். லென்ஸில் என்ன குறை என்று கேட்டால் சொல்லவில்லை. திருப்பி அனுப்பவும் சம்மதிக்கவில்லை. பணத்தைக் கொடுத்து முடித்துவிடலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு முறை கொடுத்தால் அந்தக் கணக்கு மட்டுமே தீர்கிறது. உங்களிடம் இது செல்லுபடியாகும் என்ற செய்தி அவருக்குப் போய்விடுகிறது.

மிரட்டலுக்கும் முறையான கோரிக்கைக்கும் உள்ள எல்லையை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 'லென்ஸில் பூஞ்சை இருக்கிறது, சரிசெய்து தராவிட்டால் மோசமாக எழுதுவேன்' என்று சொல்பவர் கடுமையாகப் பேசுகிறார், அவ்வளவே. தனக்கு உரியதைத்தான் கேட்கிறார். பட்டியலில் நீங்கள் தருவதாகச் சொல்லாத ஒன்றை, பின்னூட்டத்தைக் காட்டிப் பிடுங்க முயல்வதே மிரட்டல். இபேயின் விதிகள் இதைப் பின்னூட்ட மிரட்டல் என்றே பெயரிட்டுத் தடைசெய்கின்றன. மற்றப் பெரிய தளங்களும் ஏதோ ஒரு தலைப்பில் இதைத் தடுக்கின்றன.

பேச்சு முழுவதும் தளத்தின் செய்திப் பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும். அவர் வாட்ஸ்அப் எண் கேட்பார், போனில் பேசலாம் என்பார், போகாதீர்கள். வெளியே நடந்த பேச்சை ஊழியர்கள் பார்க்க முடியாது, நீங்கள் அனுப்பும் படங்களை மட்டும் நம்பி முடிவெடுக்கவும் தயங்குவார்கள். அவருக்கு அமைதியாக, 'பொருளில் குறை இருந்தால் அதன் படத்தை அனுப்புங்கள். திருப்பி அனுப்பினால் முழுத் தொகையும் தருகிறேன். பொருளை வைத்துக்கொண்டு பாதித் தொகை தரும் ஏற்பாடு என் பட்டியலில் இல்லை. மதிப்புரை முழுக்க உங்கள் விருப்பம்' என்று எழுதிவிட்டு, அந்த உரையாடலைச் சுட்டி உடனே புகார் செய்யுங்கள். மதிப்புரை வருவதற்கு முன்பே புகார் பதிவாகியிருந்தால், பின்னர் வரும் ஒற்றை நட்சத்திரத்தை நீக்கக் கேட்பதற்கு அதுவே வலுவான சான்று. லென்ஸைப் பொறுத்தவரை, அனுப்புமுன் இரு கண்ணாடி முகங்களையும் டார்ச் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து, வரிசை எண் தெரியும்படி வைத்துக்கொள்ளும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

கேள்வி: மதிப்புரைக்குப் பதில் எழுதும்போது வாங்கியவரின் பெயரையும் ஊரையும் குறிப்பிட்டு, 'இவரிடம் மற்ற விற்பனையாளர்கள் கவனமாக இருக்கவும்' என்று எச்சரிக்கலாமா?

பதில்: கூடாது. ஆர்டரை அனுப்புவதற்காக மட்டுமே உங்களிடம் தரப்பட்ட விவரம் அது. வெளியிட்டால் அவர் செய்தது சிறு தவறாகவும் நீங்கள் செய்தது பெருந்தவறாகவும் ஆகிவிடும். கணக்கு முடக்கப்படுவதோடு சட்டச் சிக்கலும் வரலாம்.

கேள்வி: நான் பின்னிய ஸ்வெட்டரில் ஒரு பொத்தான் தளர்ந்திருந்தது உண்மை. ஆனால் வாங்கியவர் பின்னல் அழகாக இருக்கிறது என்றும் எழுதிவிட்டு, அந்தப் பொத்தானுக்காக ஒரே ஒரு நட்சத்திரம் தந்திருக்கிறார். இது அநியாயம் இல்லையா?

பதில்: அளவில் அநியாயம், செய்தியில் உண்மை. இந்தப் பாதி உண்மை மதிப்புரைகள்தான் முழுப் பொய்களைவிட அதிகமாக வருகின்றன, இவற்றைத்தான் விற்பனையாளர்கள் மோசமாகக் கையாள்கிறார்கள். 'ஒரு பொத்தானுக்காகவா?' என்று நீங்கள் கேட்டால், படிப்பவருக்குக் குறையை நீங்கள் சிறிதாக்குவதாகத் தோன்றும். தளமும் இதை நீக்காது. எந்த விதியும் மீறப்படவில்லை.

இங்கே வாதாடுவதற்கு ஒன்றும் இல்லாததே நல்ல செய்தி. பொத்தானையும் அதே நூலில் கொஞ்சத்தையும் இன்றே அனுப்புகிறேன், அல்லது திருப்பி அனுப்பினால் தைத்துத் தருகிறேன், அனுப்பும் செலவு என்னுடையது என்று தனியாக எழுதுங்கள். சிலருக்கு ஒரு நட்சத்திரம் என்பது கோபம் அல்ல, கவனத்தை ஈர்க்கும் வழி. குறை தீர்ந்ததும் தாமாகவே மாற்றி எழுதுகிறார்கள். மாற்றாவிட்டாலும் வருத்தப்பட ஏதுமில்லை, ஏனெனில் அந்த மதிப்புரையின் வாசகத்தைப் படிப்பவர் 'பின்னல் அழகாக இருக்கிறது' என்பதையும் படிக்கிறார். பொதுப் பதிலாக, 'பொத்தான் தளர்ந்திருந்தது எங்கள் தவறு. இப்போது ஒவ்வொரு பொத்தானையும் அனுப்புமுன் இழுத்துச் சோதிக்கிறோம்' என்பது போதும். அதை எழுதினால் உண்மையிலேயே சோதிக்க வேண்டும்.

கேள்வி: வாங்குபவர் நம்மைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம், நாம் அவரைப் பற்றி எழுத முடிவதில்லை. இந்த ஒருதலைப்பட்சம் எப்படி வந்தது?

பதில்: எப்போதும் இப்படி இருந்ததில்லை. பியர் ஒமிட்யார் 1995-இல் தொடங்கிய தளம் பிற்காலத்தில் இபே ஆனது. அங்கே 1996-இல் பின்னூட்ட மன்றம் வந்தபோது, இரு தரப்பும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதலாம் என்பதே ஏற்பாடு. முகம் தெரியாத இருவர் ஒருவரையொருவர் நம்புவதற்கு அது உதவியது. ஆனால் நாளடைவில் அதற்குள் ஓர் அச்சம் புகுந்தது. வாங்கியவர் குறை எழுதினால் விற்றவரும் பதிலுக்குக் குறை எழுதினார். அந்தப் பழிவாங்கலுக்குப் பயந்து மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ரெஸ்னிக்கும் செக்ஹவுசரும் 1999-ஆம் ஆண்டின் இபே பதிவுகளை ஆராய்ந்தபோது, விற்பனையாளர்களைப் பற்றி வாங்கியவர்கள் எழுதியவற்றில் 99.1 சதவீதம் பாராட்டாகவே இருந்தது. எல்லோரும் அவ்வளவு திருப்தியாக இருந்தார்கள் என்று யாரும் நம்பவில்லை. கடைசியில் 2008 மே மாதம், விற்பனையாளர் வாங்கியவருக்கு எதிர்மறைப் பின்னூட்டம் தருவதை இபே நிறுத்தியது. அன்று விற்பனையாளர்களிடமிருந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது, ஆனாலும் அந்த விதி நிலைத்துவிட்டது.

என் கருத்தில் அந்த முடிவின் காரணம் சரி. அதன் சுமை மட்டும் சரியாகப் பகிரப்படவில்லை. நூற்றுக்கணக்கில் விற்பவர் ஒரு நியாயமற்ற மதிப்புரையைத் தாங்கிக்கொள்வார், பத்துப் பேருக்கு விற்றவரால் முடியாது. தொடக்க நிலை விற்பனையாளர்களின் புகார்களைத் தளங்கள் இன்னும் பொறுமையாக, மனிதர்களைக் கொண்டே பரிசீலிக்க வேண்டும் என்று நாம் தொடர்ந்து கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும். அதுவரை உங்களிடம் இருப்பவை இரண்டு கருவிகள். பல தளங்களில் குறிப்பிட்ட வாங்குபவரை உங்கள் கடையிலிருந்து தடைசெய்யலாம். திரும்பத் திரும்ப முறைகேடு செய்பவரைத் தளத்திடம் புகாரளிக்கலாம். அந்தப் புகார் பொதுவில் தெரியாது என்றாலும், வேறு விற்பனையாளர்களின் புகார்களோடு சேரும்போது அதற்கு எடை கூடுகிறது.

கேள்வி: ஓர் அநியாய மதிப்புரையால் என் மதிப்பெண் குறைந்ததைப் பார்த்து, நண்பர்களும் உறவினர்களும் ஆளுக்கொரு பொருள் வாங்கி நல்லபடியாக எழுதுவதாகச் சொல்கிறார்கள். 'ஐந்து நட்சத்திரம் தந்தால் அடுத்த ஆர்டரில் தள்ளுபடி' என்று பார்சலில் ஒரு சீட்டு வைக்கவும் எண்ணம். அநியாயத்தை இப்படிச் சரிசெய்வதில் தவறு உண்டா?

பதில்: இரண்டுமே தவறு. உங்களுக்கு நடந்தது அநியாயம் என்பதால் இது நியாயமாகிவிடாது. இதனால் ஏமாறப்போவது உங்களுக்குத் தீங்கு செய்தவர் அல்ல, உங்கள் பக்கத்தை நம்பிப் படிக்கும் அடுத்தவர். நடைமுறை ஆபத்தும் பெரியது. ஒரே முகவரி, ஒரே இணைய இணைப்பு, சேர்ந்தாற்போல் சில நாட்களில் வந்த பாராட்டுகள் ஆகியவற்றைத் தளங்கள் கண்டுபிடிக்கின்றன. கண்டுபிடித்தால் போவது ஒரு மதிப்புரை அல்ல, கணக்கே. சட்டமும் இறுகிவருகிறது. போலி மதிப்புரைகளையும், பாராட்டுக்கு ஈடாகப் பரிசு தருவதையும் தடுக்கும் விதி அமெரிக்காவில் 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனில் போலி மதிப்புரைகள்மீதான தடை 2025 ஏப்ரலில் வந்தது.

கேட்பது தவறல்ல, எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்க வேண்டும் என்பதுதான் முறை. திருப்தியடைந்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துக் கேட்பதும் ஒருவகைத் திரிபுதான். பொருள் கையில் கிடைத்து, அதைப் பயன்படுத்திப் பார்க்கும் அவகாசம் கொடுத்தபின் கேளுங்கள். அமேசானில் மதிப்புரை கோரும் பொத்தான், பொருள் சேர்ந்த 5-ஆம் நாள் முதல் 30-ஆம் நாள் வரை வேலை செய்கிறது. வாசகத்தைத் தளமே அனுப்புவதால் சொல் பிசகும் அபாயமும் இல்லை. எட்ஸியில் வாங்கியவருக்கு 100 நாள் அவகாசம் இருக்கிறது என்பதால் அவசரப்படுத்தத் தேவையில்லை. பொதுவாக வாங்குபவர்களில் பலர் எதுவுமே எழுதுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் அந்த இபே பதிவுகளிலேயே பாதிக்குச் சற்று அதிகமானவர்கள்தான் எழுதியிருந்தார்கள். நிறைவோடு வாங்கிய பலர் மௌனமாக இருப்பதால்தான் குறைபட்டவரின் ஒரு குரல் இவ்வளவு பெரிதாகக் கேட்கிறது. அவர்களை எழுத வைப்பதே உங்கள் சராசரிக்கு நேர்மையான மருந்து.

பார்சலில் சீட்டு வைப்பதைத் தளம் அனுமதித்தால் அதில் இவ்வளவு எழுதுங்கள்: 'பொருளில் ஏதேனும் குறை இருந்தால் தளத்தின் செய்திப் பெட்டியில் எழுதுங்கள், ஒரு நாளுக்குள் பதில் தருவோம். உங்கள் அனுபவம் எதுவானாலும் அதை அப்படியே மதிப்புரையாக எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.' தள்ளுபடி, பரிசு, ஐந்து நட்சத்திரப் படம் எதுவும் அதில் வேண்டாம். ஒரு நாளுக்குள் பதில் தர இயலாது என்றால் இரண்டு நாள் என்று எழுதிக்கொள்ளுங்கள்.